ஒரு மில்லிகிராம்

இரவு பதினொன்று நாற்பது. அம்ப்ரோலவுரி.
பனி உருகி ரியோனி ஆறு பெருத்திருக்கிறது.
ஜன்னலைச் சாத்தினாலும் அதன் இரைச்சல் வார்டுக்குள் வந்துவிடும்.
அதையும் தாண்டி இன்னொரு சத்தம்:
ஷால்வாவின் மார்புக்குள்
உலோக வால்வு திறந்து மூடுகிறது. டிக். டிக்.
எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் வேண்டியதில்லை என்று
பதினாறு வருடமாய்ச் சிரித்தவள் லாமாரா.
இன்று சிரிக்கவில்லை.

மாலை ஐந்திலிருந்து அவர் மூக்கில் ரத்தம்.
நான்காவது துண்டும் நனைந்தாயிற்று.
மூன்றை ஒட்டி இருக்கவேண்டிய எண்
பரிசோதனைத் தாளில்
ஒன்பது என்று நிற்கிறது.

வார்ஃபரின் கூடுதலாய்ப் போட்டாரா?
இல்லை, எண்ணித்தான் கொடுத்தேன்.
வேறு மருந்து?
சளிக்கு ஏதோ, கடையில் கேட்டு வாங்கினோம்.
சாப்பாடு?
அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.
கீரையில் கே இருக்கிறதாம்,
மாத்திரையை முறித்துவிடுமாம்,
பேருந்தில் ஒருத்தி சொன்னாளாம்.
மூன்று வாரமாய் அந்த வீட்டில் பச்சை என்று
ஜன்னல் திரை மட்டும்தான்.

டாக்டர் கேத்தோ பழுப்புக் குப்பியை என் கையில் வைத்தாள்.
"இதில் பத்து இருக்கிறது. எனக்கு ஒன்று போதும்."
எனக்குக் கை பரபரத்தது.
துண்டு சிவந்துகொண்டிருக்கும்போது
ஒன்பது பங்கை எறிவது லேசல்ல.
அவள் என் முகத்தைப் படித்துவிட்டாள்.
"பத்தும் போனால் ரத்தம் நிற்கும்.
அப்புறம் வால்வில் கட்டும்.
அதற்குப் பிறகு வாரக்கணக்கில்
எந்த மாத்திரையும் அவர் பேச்சைக் கேட்காது."

ஒன்றை எடுத்தேன். உப்புநீர்ப் பையில் கலந்தேன்.
வெளிச்சம் ஆகாத மருந்து இது.
லாமாரா கொண்டுவந்த ஹச்சாபுரி சுற்றிய வெள்ளித்தாளைத்
துடைத்துப் பையில் போர்த்தினேன்,
வார்டெங்கும் பாலாடைக்கட்டி வாசம்.
அரைமணி நேரம், சொட்டுச் சொட்டாக.
அவசரப்பட்டால் இதே மருந்து மூச்சை அடைக்கும்.
பக்கத்து மேசையில் அட்ரினலின்.
நான் அவர் உதட்டின் நிறத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்,
அவர் கூரையைப் பார்த்தபடி,
கேத்தோ அவர் மூக்கை அழுத்திப் பிடித்தபடி.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பிரசவ அறையிலிருந்து அழைப்பு.
நத்தியாவின் பெண். மூன்று கிலோ நூறு. இன்னும் பெயரில்லை.
தகப்பன் கதவை மறித்து நின்றான்.
"வந்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை,
அதற்குள் ஊசியா? நன்றாகத்தானே இருக்கிறாள்?"
நன்றாகத்தான் இருக்கிறாள்.
ஆனால் கே இல்லாமல் வந்திருக்கிறாள்;
தாய்ப்பாலில் அது கொஞ்சம்தான்.
ஆறாம் வாரம் ஒரு காலை
தலைக்குள் கசியத் தொடங்கினால் வெளியே தெரியாது என்றேன்.
அவன் வெகுநேரம் யோசித்தான்.
எனக்குக் கோபம்கூட வந்தது.
பிறகு, "நான் பார்க்கமாட்டேன்" என்று
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தொடையில் குத்தினேன். வீறிட்டாள்.
நல்ல நுரையீரல்.
பதிவேட்டில் எழுதும்போதுதான் பேனா நின்றது:
ஒரு மில்லிகிராம்.
அங்கே தொண்ணூற்றிரண்டு கிலோ ஷால்வாவுக்கும்
இங்கே இந்தப் பிடிச்சதைக்கும்
ஒரே அளவு.
இவளுக்குத் தசையில், நொடியில்.
அவருக்குத் தசையில் குத்தியிருந்தால்
உள்ளே ரத்தம் குளம் கட்டியிருக்கும்.

திரும்பி வந்தபோது ஐந்தாவது துண்டு.
மருந்து உள்ளே போய்விட்டது, இன்னும் வேலை தொடங்கவில்லை.
ஈரல் தன் நூலைத் திரிக்க மணிக்கணக்காகும்,
அதுவரை விரல்தான் மருந்து.
கேத்தோவின் கை மரத்ததும் நான் பிடித்தேன்,
எனக்கு மரத்ததும் லாமாரா.

ஏழு மணிக்குத் துண்டில் பழுப்புக் கறை மட்டும்.
எண் மூன்று புள்ளி நான்கு.
டிக், டிக்.

"கீரை?" என்றாள், மிக மெதுவாக.
வழக்கமாய் எவ்வளவு?
சனிக்கிழமை ஒரு கைப்பிடி. வால்நட் அரைத்து.
அந்தக் கைப்பிடியே இருக்கட்டும், கூடவும் வேண்டாம்,
குறையவும் வேண்டாம்.
கடையில் எது வாங்கினாலும் முதலில் எங்களைக் கேளுங்கள்.

அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்,
அதில் காய்ந்திருந்த ரத்தத்தையும் சேர்த்து,
அளவு பார்ப்பவளைப் போல.